வேதாரண்யத்தில் வாங்கிய தொட்டில் பறவைகள்

“அம்மா, வேதாரண்யம் போறீங்களே, பாப்பாவுக்கு அங்கே நல்லதா ஒரு மொபைல் கிடைச்சா வாங்கிட்டு வாங்க” என்றாள் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை, அதற்குள் மொபைலா?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தூளியில் கிடந்த குழந்தையே விழித்துக் கொண்டது. “போன் இல்லேம்மா. தொட்டிலுக்கு மேலே தொங்குமே, காத்துல சுத்துமே, அது!” என்றாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை தன் பங்குக்கு விளக்கம் சொன்னார். அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி தகடும் கம்பியுமாகக் காற்றில் ஆடும் பொருள்களைச் செய்தாராம். 1931-ல் மார்செல் துஷான் என்ற கலைஞர் அவற்றுக்கு ‘மொபைல்’ என்று பெயர் வைத்தாராம். கால்டர் 1955-ல் நம் நாட்டுக்கு வந்து, அகமதாபாத்தில் தங்கியும் சில செய்தாராம். சரிதான், நம் வீடுகளில் தூளிக்கு மேலே கிளியும் கிலுகிலுப்பையும் கட்டியபோது அதற்கு யாரும் பெயர் வைக்க வரவில்லை!

சிரித்துவிட்டேனே தவிர, மனசுக்குள் ஒரு முள் உறுத்தியது. காரணம் இருக்கிறது. இதே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கடற்கரைக் கடையில் சிப்பித் தோரணம் ஒன்று ஆசைப்பட்டு வாங்கினேன். தொட்டிலுக்கு நேர் மேலே கட்டினேன். காற்றடித்தால் கிணுகிணுவென்று அவ்வளவு அழகாகச் சத்தம் வரும். ஒரு மாதம் போயிருக்கும். அடுக்களையில் ரசம் கொதிக்கிறது. குழந்தை அழவில்லை, சிணுங்கவில்லை. ‘சமர்த்தாக விளையாடுகிறது’ என்று நினைத்துக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன். நூல் இற்று, ஒரு சின்னச் சிப்பி உள்ளே விழுந்திருக்கிறது. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு, கையை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் தாமதித்திருந்தால்... வேண்டாம், அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. நூலைச் சோதித்துப் பார்க்காதது என் தப்பு. அந்தப் பயம் இன்றைக்கும் போகவில்லை.

ஆகவே இந்தத் தடவை, கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்குவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் தை மாதக் கடைசியில் மன்னார்குடியில் பஸ் ஏறினேன்.

திருத்துறைப்பூண்டியில் இறங்கி ரயிலைப் பிடித்தேன். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோ மீட்டர். அகலப்பாதையாக மாற்றியபின் 2023 ஏப்ரலில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் முதலில் அறுவடை முடிந்த வயல், அப்புறம் தோப்புகள், குரவப்புலம், நெய்விளக்குப் பக்கம் முல்லைக் கொல்லைகள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கம் கரையேறியபோது தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பனைகளோ பெரும்பாலும் நின்றுவிட்டன. அந்தப் பனைகளைப் பார்த்துக்கொண்டு போகும்போது, நான் தேடிப் போகும் பொருள் அவற்றில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வேதாரண்யத்தில் என் நாத்தனார் வீடு. போனதும் காப்பி, பிறகு கோயில். ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பார்களே, அந்தச் சன்னிதி. அப்பர் பாடிக் கதவு திறந்தது, சம்பந்தர் பாடி மூடியது எல்லாம் இங்கேதான். அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலின் இனிமையைக் கேட்டு வெட்கிப்போனதால், இந்தக் கோயிலில் சரஸ்வதி கையில் வீணை கிடையாது. அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது: பட்டனை அமுக்கினால் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடும் பிளாஸ்டிக் தொங்கல்கள் இப்போது வருகின்றனவே, பெற்றவளின் தாலாட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பாட்டுப் பெட்டி வைத்தது வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கடைகளை ஒரு சுற்று சுற்றினோம். கம்பளிப் பந்து கோத்த கிளி, கண்ணாடி மணி, மறுபடியும் சிப்பி! கடைக்காரர் ஒரு தோரணத்தை உயர்த்திப் பிடித்து, “குழந்தை பார்த்துக்கிட்டே இருக்கும்மா” என்றார். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. என்ன நினைத்தேனோ, அவர் கைக்கு நேர் கீழே குனிந்து, முகத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தேன். பக்கவாட்டில் அத்தனை அழகாக இருந்த கிளிகள் கீழேயிருந்து பார்த்தால் வெறும் வயிற்றுத் தையல்! கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நாம் நின்றுகொண்டு பார்ப்பதை, படுத்திருக்கும் குழந்தை பார்ப்பதே இல்லை என்பது நாற்பது வயசு தாண்டித்தான் எனக்கு உறைத்தது. நாத்தனார், “என்ன இது, கடையிலே வந்து கழுத்துப் பயிற்சி?” என்று கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் கோடிக்கரை. பதினோரு, பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம். நினைவுத் தூண் இருக்கிறது. உப்பளத்து வெயில் கண்ணைக் கூசியது. அங்கேதான் ஆட்டோக்காரத் தம்பி வண்டியை நிறுத்தி, “மேலே பாருங்கம்மா!” என்றார்.

பூநாரைகள். தூரத்தில் தண்ணீரில் நிற்கும்போது அழுக்கு வெள்ளையாக, என்னவோ நூல் காயப்போட்ட மாதிரிதான் தெரிந்தன. தலைக்கு மேலே பறந்தபோதல்லவா விஷயம்! கழுத்தும் காலும் ஒரே கோடாக நீண்டிருக்க, இறக்கையின் அடிப்பக்கம் நல்ல சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. பூநாரையின் அழகு முழுக்க அடிப்பக்கத்தில் இருக்கிறது, சகோதரிகளே! குழந்தைக்கு வேண்டியது இதுதான் என்று நடுரோட்டில் நின்று கத்தாத குறை.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. “ரெண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்காங்க. கொட்டான், விசிறி எல்லாம் ஓலையிலே பின்னுவாங்க. கேட்டுப் பாப்போம் வா” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பாட்டிக்கு எழுபத்தைந்துக்குக் குறையாது. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பனங்குருத்தோலையை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார். நான் பறவையை விவரித்ததும், “நாரைதானே? தெனம் பாக்குறதுதானே” என்று ஒரே வார்த்தை. கழுத்துக்கு ஒரு ஓலை, உடம்புக்கு ஒரு மடிப்பு, இறக்கைக்கு இரண்டு பின்னல். அரை மணி நேரத்தில் முதல் பறவை கையில்! வெளிர் ஓலை, இறக்கை அடியில் சிவப்புச் சாயம் போட்ட ஓலை, ஓரத்தில் கறுப்பு. கிளி மாதிரி நிமிர்த்திக் கட்டாமல், பறக்கிற மாதிரி வயிறு கீழே தெரியப் படுக்கவைத்துக் கட்டச் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சுமார் 20-லிருந்து 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும், அதாவது ஒரு சாண், ஒன்றரைச் சாண். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம்தான் அது. வெளிர் நிறத்தில் இளம் ரோஜா, இளம் நீலம் என்று கடையில் விற்பதெல்லாம் பெரியவர்களான நமக்குத்தான் பிடிக்கும். முதல் வாரங்களில் குழந்தை கண்ணை இழுப்பது கறுப்பும் வெள்ளையும் போல, எடுப்பாக வேறுபடும் நிறங்கள். இரண்டு மாதத்தில் அசையும் பொருளைக் கண்ணால் பின்தொடரும். மூன்று, நான்கு மாதத்தில் கை நீளும். ஆபத்தும் அப்போதுதான் தொடங்கும்.

நான்கு பறவை முடிந்ததும், இரண்டு மூங்கில் சிம்புகளைக் குறுக்கே கட்டினார் பாட்டி. “கம்பி வச்சுக் கட்டலாமே?” என்று நாத்தனார் கேட்டதற்கு, “இந்த ஊரு உப்புக் காத்துக்குக் கம்பி ஆறு மாசம் தாங்காது. துரு பொடிப்பொடியா புள்ள கண்ணுல விழும்” என்றார். எனக்கு என் பழைய சிப்பித் தோரணம் ஞாபகம் வந்தது. மீன் பிடிக்கிற நைலான் நரம்பும் கையில் இருந்தது. அதை நான்தான் வேண்டாமென்றேன். முடிச்சு வழுக்கி அவிழும். விரலில் சுற்றிக்கொண்டால் சதையை அறுத்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். தலைமுடிகூடப் பச்சைக் குழந்தையின் கால்விரலில் சுற்றி அப்படிச் செய்வதுண்டு. தடித்த பருத்தி முறுக்கு நூல்தான் சரி என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பறவைக்கும் நூல் ஒரு சாணைத் தாண்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். நீள நூல் கழுத்தில் மாட்டும்.

சமநிலை பார்ப்பதுதான் வேடிக்கை. ஒரு பக்கம் தாழ்ந்தால் பாட்டி பறவையை மாற்றவில்லை. நூல் கட்டிய இடத்தைச் சிம்பில் கொஞ்சம் உள்ளே தள்ளினார். தராசு மாதிரி நின்றது. ஓலை அத்தனை லேசு என்பதால், திண்ணையில் வீசிய காற்றே போதும், மெதுவாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி திரும்பியது.

நான் சும்மா இருக்கவில்லை. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு பறவை மீதும் தேய்த்தேன். கறுப்பு ஒட்டவில்லை, சிவப்பு ஒட்டியது! பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. “திருவிழாக் கடைச் சாயப்பொடி, அதான்” என்று முணுமுணுத்தார். பிறகு நாத்தனார் ஒரு பழைய சிவப்புப் பருத்திப் புடவையின் முந்தானையைக் கொண்டுவந்தாள். பலமுறை துவைத்துச் சாயம் நின்ற துணி. அதைக் கிழித்து இறக்கையின் அடியில் ஓலையோடு சேர்த்துப் பின்னினோம். முதலில் செய்ததைவிட இதுதான் அழகு! ஓலையின் கூர் விளிம்புகளையும் பாட்டி உள்ளே மடித்துவிட்டார்.

கைவேலைப் பொருளில் இந்தச் சோதனையை நாமேதான் செய்ய வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. திண்ணையில் பின்னும் பாட்டிக்கு முத்திரை ஏது? இழுத்துப் பார்த்து, நனைத்துப் பார்த்து, சுமார் 3 சென்டிமீட்டர் துளைக்குள் நுழையும்படி மணியோ பொத்தானோ தனியாகக் கழன்று வருமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் பக்கத்து நெட்டி வேலையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நரசிங்கம்பேட்டை நெட்டி மாலையை மாட்டுப் பொங்கலுக்குக் கட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஆனால் பஞ்சு போன்ற அந்த நெட்டி, குழந்தை வாயில் பட்டால் துண்டு துண்டாக வந்துவிடும். உயரத்தில் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி காசு வாங்க மறுத்தார். முந்நூறு ரூபாயை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது, “புள்ள பாத்துச்சான்னு மட்டும் சொல்லி அனுப்பு தாயி” என்றார்.

ஊருக்கு வந்ததும், தூளிக்கு மேலே கட்டலாமென்றாள் மகள். வேண்டாமென்றேன். தூளித் துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், குழந்தைக்கு என்ன தெரியும்? தூளி தூங்குவதற்கு. விழித்துக் கிடக்கும் பாய்க்கு மேலே, கூடத்து விட்டத்துக் கொக்கியிலிருந்து கயிறு இறக்கிக் கட்டினோம். முகத்துக்கு நேராக இல்லை. நெஞ்சுக்கு நேராக, கொஞ்சம் ஒரு பக்கமாக. அவிழ்ந்து விழுந்தாலும் முகத்தில் விழக்கூடாதல்லவா? உயரம் ஒரு முழம். குழந்தை கைக்கு எட்டாது, பார்வைக்குச் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் நாளாக நாளாகத் தெளியும். நான் பாயில் படுத்துப் பார்த்துச் சரிசெய்தேன். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தவர், “பேத்திக்கா, பாட்டிக்கா?” என்றார்.

முதல் நாள் பேத்தி அதைச் சீந்தவே இல்லை! என் நெற்றிப் பொட்டையும் மின்விசிறியின் நிழலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. எனக்கு ஏமாற்றம்தான், வெளியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. ஒரு பறவை மெதுவாகத் திரும்பி, சிவப்பு வயிற்றைக் காட்டியது. குழந்தையின் கண் அதிலேயே நின்றது. பறவை நகர, கண்ணும் நகர்ந்தது. பிறகு கால் இரண்டையும் உதைத்து, ‘ங்கூ’ என்று ஒரு சத்தம். மகள் ஓடிவந்தாள்.

அன்று ராத்திரியே வேதாரண்யத்துக்குப் போன் போட்டு, பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். மகள் காலண்டரை எடுத்து, சித்திரை மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அன்றைக்குக் குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைகிறது. அதற்கு முன்னாலேயே கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்தால் அன்றே, இல்லாவிட்டால் அந்தத் தேதியில், பறவைகளைக் கழற்றிவிட வேண்டும். அதுவரை சனிக்கிழமைதோறும் வெயிலில் காட்டி, முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பது என் வேலை.