காலை வாரும் கம்பளம்

அரபுக் கதைகளில் பறக்கும் கம்பளம் ஒன்று வருகிறது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நினைத்த ஊருக்குப் போய் இறங்கலாம். சிறு வயதில் அந்தக் கதையைப் படித்துவிட்டு அப்படி ஒரு கம்பளத்துக்கு ஆசைப்படாதவர்கள் மிகவும் குறைவு. இந்தக் காலத்தில் ஆசைப்பட வேண்டிய அவசியமே இல்லை. பளபளவென்று டைல்ஸ் பதித்த கூடமும், அதன்மேல் அழகான விரிப்பு ஒன்றும் இருந்தால் போதும். எந்த நிமிஷமும் அது புறப்படத் தயாராக இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கதையில் வரும் கம்பளம் ஏறினவரையும் கூட்டிக்கொண்டு போகும். நம் வீட்டுக் கம்பளம் தான் மட்டும் புறப்பட்டுப் போய், ஏறினவரைத் தரையில் விட்டுவிடும்.

நம்பினவனை ஏமாற்றுகிறவனைக் 'காலை வாரிவிட்டான்' என்று சொல்கிறோம். மனிதர்கள் செய்கிற துரோகத்துக்காவது முன்கூட்டியே முகத்தில் ஏதேனும் ஓர் அடையாளம் தெரியும். விரிப்பின் முகத்தில் மயிலும் தாமரையும்தான் தெரியும். அதனுடைய குணம் முழுவதும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சாணி மெழுகிய தரையில் பாயை விரித்தால், சுருட்டும் வரையில் அது விரித்த இடத்திலேயே கிடக்கும். சதுர ஓடு பதித்த தரையும் அப்படித்தான். தண்ணீர் சிந்தினால் கொஞ்சத்தைத் தானே குடித்துவிடும். பிறகு சிவப்புத் தரை வந்தது, மொசைக் வந்தது. செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கும் வந்துவிடுகிறது. ஆனாலும் இவையெல்லாம் நடக்க நடக்க மெருகேறுகிறவை. தரையும் மனிதர்களும் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ள அவகாசம் இருந்தது.

விட்ரிஃபைட் டைல்ஸ் அப்படியல்ல. களிமண்ணையும் வேறு சில தாதுக்களையும் அழுத்திச் சுமார் 1200 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். முக்கால்வாசி கண்ணாடியாகி வெளியே வருகிறது என்றே சொல்லலாம். அதன் எடையில் 100-க்கு அரைப் பங்கு தண்ணீரைக்கூட அது உறிஞ்சாது. அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். கறை படியாது, உண்மைதான். ஆனால் தரை குடிக்காத தண்ணீர் எங்கே போகும்? மேலேயே மெல்லிய படலமாக நின்று, அடுத்து வரப்போகும் காலுக்காகக் காத்திருக்கும்.

தண்ணீரை விடுங்கள். உலர்ந்த தரையிலே விரிப்பு ஏன் ஓடுகிறது? கேரம் ஆடினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காய் தடையில்லாமல் ஓடப் பலகையின் மேல் ஒரு சிட்டிகை போரிக் பவுடரைத் தூவுகிறோம் அல்லவா? அதே காரியத்தை வீட்டில் தூசி செய்கிறது. குளித்துவிட்டு வந்து பூசிக்கொள்ளும் முகப்பவுடர், பூஜை அலமாரியிலிருந்து உதிரும் விபூதி, கோலமாவு, தெருப்புழுதி எல்லாம் விரிப்புக்கு அடியில் போய்ச் சேருகின்றன. மேலே நாம் தினமும் பெருக்குகிறோம். அடியில் ஒரு கேரம் பலகை தயாராகிக்கொண்டிருக்கிறது. அடுப்படியில் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும், சரியாக அலசாமல் விட்ட சோப்புத் தண்ணீரின் மிச்சமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

'கனமான ஆள் மிதித்தால் விரிப்பு அழுந்தி நிற்கும்' என்று சிலர் நினைக்கிறார்கள். அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699-லேயே இதைப் பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார். பளு கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும், தொடுகிற பரப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கண்ட விதி. உராய்வு கூடுவது வாஸ்தவம். ஆனால் கனமானவர் காலை ஊன்றும்போது தள்ளுகிற வேகமும் அதே அளவு கூடிவிடுகிறதே! ஆகையால் தரையின் முன்னால் குண்டரும் ஒல்லியரும் சமம். விரிப்பு பெரியது என்பதற்காகவும் தரை சலுகை காட்டாது. இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படாதது ரப்பர். அது தரையின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துப் பற்றிக்கொள்கிறது. விரிப்புக்குக் கிடைக்கக்கூடிய நல்ல துணை அதுதான்.

கும்பகோணத்தில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 79. பேத்தி கல்யாணத்தை முன்னிட்டு, பழைய சிவப்புத் தரையின் மேல் பிள்ளைகள் டைல்ஸ் போட்டார்கள். பெரியம்மாவின் கட்டிலுக்கு அருகில் ஒரு பவானி ஜமக்காளம் எப்போதும் விரித்திருக்கும். பெரியப்பா உயிரோடு இருந்தபோது ஈரோட்டுப் பக்கம் போய் வாங்கி வந்தது. பச்சையும் சிவப்புமாகப் பட்டை போட்ட கெட்டிப் பருத்தி. அதன்மேல் உட்கார்ந்துதான் பூத்தொடுப்பாள், கீரை ஆய்வாள், பேரன் பேத்திகளுக்கு நகம் வெட்டிவிடுவாள்.

ஒரு மார்கழி மாதம் விடியற்காலையில் கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றினாள். ஜமக்காளம் முன்னே போயிற்று. பெரியம்மா பின்னே சாய்ந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

உடனே குடும்ப மகாநாடு கூடியது. தீர்மானத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் ஜமக்காளத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். நான் போயிருந்தபோது பெரியம்மா வெறுந்தரையில் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"கை எப்படி இருக்கு, பெரியம்மா?" என்றேன்.

"கைக்கு ஒண்ணுமில்லே, தம்பி. இன்னிக்கு ஜமக்காளத்தைச் சுருட்டியாச்சு. நாளைக்கு மாடிப்படி ஏறாதேம்பாங்க. அப்புறம் கொல்லைப் பக்கம் போகாதேம்பாங்க. கடைசியிலே இந்தக் கட்டில் ஒண்ணுதான் மிஞ்சும். அதுவும் வழுக்குமோ என்னமோ!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் செய்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. கீழே விழுவதால் உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட தகவல் சொல்கிறது. தற்செயலான விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அப்படி இறக்கிறவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு பழையபடி எழுந்து நடமாடுவது பலருக்கு வாய்ப்பதில்லை. அம்மாவைப் பற்றி அந்தப் பயம் ஒரு பிள்ளைக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பெரியம்மா சொன்னதும் பொய்யல்ல. ஒரு தரம் சறுக்கினவர்களுக்கு மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிடுகிறது. பயத்தால் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். நடை குறையக் குறையக் கால்களில் வலு குறைகிறது. வலு குறைந்த கால் முன்னைவிடச் சுலபமாக விழுகிறது. இது வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். வயதானவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஒவ்வொரு பொருளாக அவர்கள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டே போனால், கடைசியில் எதற்காகக் காப்பாற்றினோம் என்ற கேள்வி வந்துவிடும். ஜமக்காளத்தைச் சுருட்டிவிட ஐந்து நிமிஷம் போதும். அதை நழுவாமல் நிறுத்தி வைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு வாரமும் அந்த மெனக்கெடல்தான் நடந்தது. முதலில் அண்ணன் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை வாங்கி வந்து ஒட்டினார். முதல் நாள் பிரமாதமாகப் பிடித்தது. இரண்டாம் நாள் வீடு துடைக்கும்போது ஓரத்தில் ஈரம் இறங்கிற்று. மூன்றாம் நாள் டேப் முழுவதும் தூசியும் தலைமுடியும் அப்பி, ஒட்டும் சுபாவத்தையே மறந்துவிட்டது. தரையிலே மிஞ்சின பசையைச் சுரண்டி எடுத்தது அண்ணிதான்.

அடுத்த வீட்டு மாமா ஒரு யோசனை சொன்னார். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி ஜமக்காளத்தின் அடியில் தைத்துவிட வேண்டும். காலணாச் செலவில்லை. நன்றாகவே பிடித்தது, ஆனால் புது டைல்ஸில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா இரண்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை.

அடிப்பக்கம் ரப்பர் பூசிய கால்மிதி கடையில் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது, புதிதில் நல்ல பிடிப்பும் இருக்கிறது. ஆனால் வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்தால் நாளடைவில் அந்த ரப்பர் காய்ந்து, வெடித்து, மாவாக உதிரத் தொடங்கும். உதிர்ந்த மாவு என்ன செய்யும்? கேரம் பலகையின் பவுடர் வேலையைச் செய்யும்! பிடிப்புக்காகப் பூசியதே வழுக்கலுக்குக் காரணமாகிவிடும். ஆகையால் கால்மிதியைப் புரட்டித் தடவிப் பார்த்து, விரலில் பொடி ஒட்டினால், முகம் பார்க்காமல் தூக்கி எறிய வேண்டும்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது விரிப்புக்கு அடியில் போடும் ரப்பர் வலை. கொசுவலை மாதிரி கண் கண்ணாக இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம். விரிப்பின் அளவைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் குறைவாக வெட்ட வேண்டும். அப்போதுதான் விரிப்பின் விளிம்பு தரையோடு படிந்திருக்கும். இல்லாவிட்டால் விளிம்பு மேடாகி, வழுக்கி விழுவதற்குப் பதிலாகத் தடுக்கி விழ நேரும். வயதானவர்கள் காலை உயரத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்துத்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு மடங்கின ஓரம் வழுக்கலைவிடக் கொஞ்சமும் குறைந்த சத்துரு அல்ல. ஜமக்காளம் மெல்லியது ஆகையால் வலையை மூலைகளில் நாலு தையல் போட்டு அதனோடு பிணைத்தோம். கட்டிலின் இரண்டு கால்களையும் அதன் ஓரத்தின்மேல் ஏற்றி வைத்தோம். அசையாத கட்டில் அதை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

வலை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான சில ரப்பர், பிளாஸ்டிக் வகைகள் நாள்பட்டால் டைல்ஸிலே மஞ்சள் கறையை உண்டாக்கும். முதலில் ஒரு சிறு துண்டைக் கட்டிலுக்கு அடியில் சில வாரம் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். வலை கிடைக்காத ஊரில், கண்ணாடிக்காரர்கள் உபயோகிக்கும் சிலிகான் பசையை விரிப்பின் அடியில் அரை அடிக்கு ஒரு கோடாக இழுத்து, ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகு விரிக்கலாம். அதுவும் நன்றாகப் பிடிக்கிறது.

எதைச் செய்தாலும் பிற்பாடு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு தடவையாவது விரிப்பை எடுத்து, தரையையும் வலையின் இரண்டு பக்கத்தையும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபடி போட வேண்டும். ரப்பருக்கும் தரைக்கும் நடுவே தூசி புகுந்துவிட்டால் எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கின வலையாக இருந்தாலும் வெறும் வலைதான். விரித்தபின் உள்ளங்கையை அழுத்தி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். உங்கள் கைக்கு நகர்ந்தால் பாட்டியின் காலுக்கும் நகரும்.

சில இடங்களில் அண்ணனின் தீர்மானமே சரி. மாடிப்படியின் தலைமாட்டில் எந்த விரிப்பும் வேண்டாம். குளியலறை வாசலில் போடுகிற கால்மிதி நனைந்துவிட்டால், அதை உடனே எடுத்துக் கொடியில் போட்டு உலர்ந்த ஒன்றை மாற்ற வேண்டும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற வழியில் அலங்காரத்துக்கென்று சின்னஞ்சிறு விரிப்பு எதுவும் கிடக்க வேண்டாம். அங்கெல்லாம் அதனால் யாருக்கும் சந்தோஷமில்லை. ஆபத்து மாத்திரம் இருக்கிறது.

பெரியம்மாவின் ஜமக்காளம் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஜமக்காளத்தை மறுபடி விரித்த அன்று, அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டியபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுத்த காலையும் வைத்தாள். "போய் உன் வேலையைப் பாருடா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மெதுவாக உட்கார்ந்து, கீரைக்கட்டைப் பிரித்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஜமக்காளத்தின் பட்டையைப் பார்த்து, "எங்கே வாங்கினது?" என்று விசாரிக்கிறார்கள். அடியில் கிடக்கும் வலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அண்ணி மாத்திரம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிலைத் தூக்கி நகர்த்தச் சொல்லி, அதை எடுத்து அலசி உலர்த்திவிட்டு மறுபடி விரிக்கிறாள்.