அவளுக்குக் களி, எனக்கு இட்லி

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததுமே செஞ்சியில் எங்கள் தெருவே வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பாகற்காய்ச் சாறு என்றார் ஒருவர். வெந்தயம் என்றார் இன்னொருவர். "சோத்தைக் கண்ணாலயும் பாக்காதே" என்றார் எதிர்வீட்டு அக்கா.

என் பயம் எனக்கு. என் அம்மாவுக்கு இதே வியாதியில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். தினமும் கட்டுப் பிரித்துக் கட்டியவள் நான். அதனால் யார் எதைச் சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தேன்.

நாத்தனார் சொன்னதுதான் மனசில் நின்றது. அவளுக்கும் சர்க்கரை. "அண்ணி, காலையில கேழ்வரகுக் களி சாப்பிடுங்க. எனக்கு டாக்டரே மாத்திரையைக் குறைச்சிட்டாரு" என்றாள். அது 2023, ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த வருஷம். எங்கே திரும்பினாலும் அதே பேச்சு. களி எனக்குத் தொண்டையில் இறங்காது. மாவை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, பெரிய டம்ளரில் இரண்டு குடித்துவந்தேன்.

மூன்றாம் மாதம் பரிசோதனை செய்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கேழ்வரகிலயும் மாவுச்சத்துதாம்மா நிறைய. நைஸா அரைச்சுக் கஞ்சியா குடிச்சா சீக்கிரம் ரத்தத்துல ஏறிடும். அதோட, அவங்களுக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கும் ஒத்துக்கணும்னு இல்லே. நீங்களே அளந்து பாருங்க." 2015-ல் இஸ்ரேலில் வைஸ்மான் ஆராய்ச்சி நிலையத்தார் 800 பேரை ஒரு வாரம் கவனித்தார்களாம், ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றியது, மற்றவருக்கு அவ்வளவாக ஏற்றவில்லை.

குளுக்கோமீட்டர் வாங்கினேன். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்துவேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். 180-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. கஞ்சிக்கு 246. மனசைத் திடப்படுத்திக்கொண்டு களியும் சாப்பிட்டேன், 210. இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்ட அன்று 168! நம்பாமல் மறுநாளும் பார்த்தேன், 171. மத்தியானம் முதலில் கீரையும் பொரியலும், அப்புறம் ஒரே கரண்டி சோறு. வெறும் சோற்றையும் ரசத்தையும் பிசைந்து சாப்பிட்ட நாளுக்கும் இதற்கும் நாற்பது, ஐம்பது வித்தியாசம் தெரிந்தது. ராத்திரி சாப்பிட்டதும் உட்காராமல் கால் மணி நேரம் தெருவில் நடக்கிறேன். ராஜகிரிக் கோட்டை மேல் ஏறுகிற வயசா எனக்கு? மாத்திரையை மட்டும் நானாகக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

இதற்காகக் கேழ்வரகைப் பழிக்க மாட்டேன். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அரிசியில் ஏது? நாத்தனார் கொல்லையில் நாள் முழுக்க வேர்க்கடலைக்குக் களை எடுப்பவள். நான் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள்.

போன வாரம் அவள் வந்திருந்தாள். அவளுக்குக் களி கிண்டினேன், எனக்கு இட்லி. இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் குத்திப் பார்த்தோம். அவளுக்கு 149, எனக்கு 165. நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அண்ணி, நாளைக்கு எனக்கும் இட்லியே ஊத்துங்க. என் உடம்பு என்னா சொல்லுதுன்னு பாக்கலாம்" என்றாள்.