கட்டியை மட்டும் சுட்டால் போதுமா?

பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களின் இடுப்பு எக்ஸ்ரேயை அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. எலும்பு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அப்படித்தான் தெரியும். ஃபுளோரைடு மிகுந்த போர்த் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்திருந்தாலும் அப்படித்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வரும்வரை தருமபுரி மாவட்டத்தில் பலர் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். அதனால் முன்கையையும் படம் எடுக்கச் சொல்வேன். அங்கே இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருந்தால் ஃபுளோரைடின் மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால், புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை விட முடியாது.

புற்றுநோய்தான் எலும்புவரை போயிருக்கிறது என்றால், சுரப்பியை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அழிக்கும் ஃபோக்கல் தெரபி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி மருந்து, இல்லையென்றால் விதைகளை எடுக்கும் அறுவை. 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய அந்த வழிதான் இன்றும் அடிப்படை.

நோய் சுரப்பிக்குள்ளேயே பிடிபட்டவர்களின் கதை வேறு. ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு மகன் கேட்பார்: “அப்பாவுக்கு அந்த இடத்த மட்டும் சுட்டுட முடியாதுங்களா சார்?” முடியும். ஒலி அலையைக் குவித்துச் சுடும் ஹைஃபு இருக்கிறது, உறைய வைக்கும் கிரையோ இருக்கிறது. சிறுநீரை அடக்கும் தசையும் விறைப்புக்கான நரம்புகளும் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். அந்த ஆசை நியாயமானது.

ஆனாலும் யூராலஜிஸ்டுகளில் பலர் தயங்குகிறோம். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட இல்லாமலே போக வேண்டும். மறுபடி ஏறினால் நோய் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதிச் சுரப்பியை விட்டுவைத்தால் பி.எஸ்.ஏ.யும் இருந்துகொண்டே இருக்கும். எந்த அளவு தாண்டினால் ஆபத்து என்பதற்கு எல்லோரும் ஒப்பிய கோடு இல்லை. போதாததற்கு, இந்தப் புற்று பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் முளைப்பதில்லை. பெரிய கட்டியை அழித்தால் போதும், சிறியவை கெடுதல் செய்வது அரிது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நீண்ட காலச் சான்று இன்னும் போதவில்லை. ஐரோப்பிய யூராலஜி சங்கம் ஆய்வின் பகுதியாகவோ முறையான பதிவேட்டுடனோ மட்டுமே செய்யச் சொல்வது அதனால்தான்.

என் பயம் வேறொன்று: சுடவே வேண்டாத கட்டியைச் சுடுவது. பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கித் தொடர்ந்த புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு இரண்டு மூன்று பேர்தான். வீரியம் குறைந்த கட்டிக்குக் கண்காணிப்பே போதும். நடுத்தர வீரியம், எம்.ஆர்.ஐ.யில் ஒரே கட்டி, பயாப்சியும் அதையே சொல்கிறது என்றால் ஃபோக்கல் தெரபியைப் பற்றி நானே எடுத்துச் சொல்வேன்.

அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. சுட்ட பிறகு பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி என்று ஆண்டுக்கணக்கில் வர வேண்டும். “நல்லாத்தானே இருக்குது” என்று அறுவடைக் காலத்தில் நின்றுவிடுபவருக்கு இது ஏற்ற வைத்தியம் அல்ல. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

ஆகவே, பணம் கட்டும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கட்டிக்கு இப்போது வைத்தியமே தேவையா? சுட்ட பிறகு திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?