பூட்டியின் பெயர்

எங்கள் வீட்டில் ஆண்களின் பெயரை ஆறு தலைமுறைக்கு மூச்சுவிடாமல் சொல்வார்கள். குலசாமி கோயிலில் வரி, மரியாதை எல்லாம் ஆண் வழியில் போவதால் அந்தப் பெயர்கள் தங்கிவிட்டன. தாத்தாவைப் பெற்றவள் பெயரைக் கேட்டால் மட்டும் வீடே விழித்தது. "ஆத்தான்னுதான்யா கூப்புடுவாக, பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றார் அத்தை. மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று வளர்ந்த அப்பத்தா, சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்று கிளம்பிய என்னை, 1980இல் கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்படும்வரை எங்கள் ஊர்க் கணக்கு எழுதிய பெரியவர்தான் தடுத்தார். "மெட்ராஸுக்கு அப்புறம் போகலாம். ஒங்க வீட்டுத் தகரப்பெட்டியப் பார்த்தியா தம்பி?"

பெட்டியில் ராஜா தலை போட்ட முத்திரைத்தாள்கள் இருந்தன. பத்திரத்தில் ஆணுக்கு அப்பன் பெயர் உண்டு. அவனைப் பெற்றவள் பெயருக்கு இடமில்லை. தூத்துக்குடிப் பக்கத்து நண்பனை நினைத்து அப்போது ஏங்கினேன். அவனுடைய பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் நால்வரும் இருக்கிறார்கள். ஒரே வரியில் பாதிக் குடும்பம்.

கடைசியில் கிடைத்தது ஓர் ஒத்திப் பத்திரம். தாத்தா அதில் ஆறு வயது மைனர். கையெழுத்துப் போட முடியாத அந்தப் பிள்ளைக்காக, 'தாயாரும் கார்டியனுமான' என்று தொடங்கி அவள் பெயர் வந்தது. புருஷன் செத்திராவிட்டால் அந்தத் தாளில் அவள் இருந்திருக்க மாட்டாள்.

மைனர் சொத்தில் கை வைக்கக் கார்டியன் தக்க அவசியம் காட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதனால் பத்திரம் எழுதுகிறவர் காரணத்தையும் எழுதிவிடுவார். இறந்தவரின் கடன், பிள்ளையின் ஜீவனம் என இரண்டு காரணங்கள் இருந்தன. யாரும் எங்களுக்குச் சொல்லாத அந்த வருஷத்துப் பட்டினியை ஒரு பத்திர எழுத்தர் எழுதி வைத்திருக்கிறார். கீழே அவளுடைய பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். சின்ன விரல் அவளுக்கு.

பத்திரத்தின் பின்பக்கத்தைப் பலர் புரட்டுவதில்லை. சார்பதிவாளர் முன் அவளை அடையாளம் காட்டிய இருவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒருவர் எங்கள் ஊர். இன்னொருவர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊர். அதே பெயரைத் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டில் தேடினேன். முதல் பக்கத்தில், தாய்மாமன் சீர் என்ற தலைப்பின் கீழ் இருந்தார். தம்பியோ அண்ணனோ, அக்கா தங்கையை அடையாளம் காட்ட அன்று கூடப் போனவர். மொய் நோட்டைக் கடன் கணக்கு தீர்ந்ததென்று எடைக்குப் போடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

தகரப்பெட்டி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பதிவான சொத்துப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆளின் பெயரை வைத்தும் சொத்தை வைத்தும் தேட அட்டவணைகள் உண்டு. ஊர் முன்பு எந்த அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப்போல் இரண்டு நாள் வீணாகும்.

பத்திரத்தை அத்தையிடம் கொண்டுபோய்ப் பெயரை வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வைக்காத பெயர். அத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அந்த ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. மாமன் வீட்டு வாசப்படிய மிதிக்காமலே கெழவியாயிட்டேன்" என்று சேலையை மாற்ற எழுந்தார்.