அரை மில்லிமீட்டர் மூலதனம்

தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, மக்ரூன். வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் அடுக்குவார்கள். முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். இன்று திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு என்று எந்தக் கரையில் போய் நின்றாலும் முதலில் கண்ணில் படுவது பைபர் வள்ளங்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கியவையும் பெரும்பாலும் பைபர் படகுகளே. திடீரென்று முளைத்த பட்டறைகளில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட சில படகுகளின் தரம் பற்றி அப்போதே புகார்கள் எழுந்தன.

அந்த வள்ளங்களின் வெளிப்பக்கப் பளபளப்பைப் பலர் பெயின்ட் என்றே நினைக்கிறார்கள். பெயின்ட் இல்லை. அதன் பெயர் ஜெல்கோட். கனம் சுமார் அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான்!

பைபர் படகு வெளியிலிருந்து உள்ளே செய்யப்படுகிறது. முதலில் மோல்டுக்கு மெழுகு தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட். அது இறுகிய பிறகுதான் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். கடைசியில் மோல்டிலிருந்து படகை உருவும்போது, மோல்டின் வழவழப்பு அப்படியே ஜெல்கோட்டில் பதிந்து வருகிறது. ஆகவே புதுப் படகின் பளபளப்புக்கு யாரும் தேய்க்க வேண்டியதில்லை. ரிப்பேர் செய்யும்போது மோல்டு கிடையாது. மோல்டு இலவசமாகத் தந்ததைக் கை உழைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

இது அழகு விஷயம் மட்டும் என்று நினைத்தால் தவறு. ஜெல்கோட்தான் கடல்நீருக்கும் மேட்டுக்கும் நடுவில் நிற்கும் சுவர். மணலில் இழுக்க இழுக்க அடிப்பக்கம் தேய்கிறது, கரை மணலே ஒரு எமரி பேப்பர் மாதிரி. பாறையில் உரசினால் கீறல் விழுகிறது. மேட் வெளியே தெரிந்துவிட்டால் இழை வழியாகத் தண்ணீர் ஊறும், கொப்புளம் கிளம்பும். படகு கனமாகும், எரிபொருள் கூடச் செலவாகும்.

சரி, ஒரு கீறலைச் சரிசெய்வது எப்படி? முதல் வேலை கீறலைப் பெரிதாக்குவது! அதை 'வி' வடிவத்தில் தோண்டித் திறந்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சமிருந்தால் புது ஜெல்கோட் பிடிக்காது.

அடுத்தது நிறம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய படகின் நீலம், வாங்கியபோது இருந்த நீலம் இல்லை. வெயில் பட்டு வெளுத்து, மேலே மாவு மாதிரி பூத்திருக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து பிக்மென்ட் கலந்தால், கடைசியில் பாலிஷ் போட்டதும் சுற்றுப்புறம் அடர்ந்துவிடும், ஒட்டு மட்டும் வெளிறித் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை முதலில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, உள்ளே இருக்கும் நிஜ நிறத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும். கலந்ததில் ஒரு துளியைக் காயவைத்து, வெயில் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும்.

ஹார்டனர் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் வரைதான். குறைந்தால் சரியாக இறுகாது, கூடினால் நொறுங்கும். ஹார்டனரையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இன்னொரு சிக்கல், காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். ஆக்சிஜன் அதை இறுக விடாது. அதற்கு மெழுகுக் கரைசல் சேர்ப்பார்கள், அல்லது மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காற்றை அடைப்பார்கள்.

குழியில் கொஞ்சம் மேடாகவே நிரப்ப வேண்டும், இறுகும்போது சுருங்கும். பிறகு தேய்ப்பு. 220, 320, 400, 600, 800, 1000, 1200 என்று வாட்டர் பேப்பரில் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு பேப்பரின் வேலையும் முந்தைய பேப்பர் போட்ட கோடுகளை அழிப்பதுதான். ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கோடு கடைசிப் பாலிஷில் வந்து பல்லிளிக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட், பஃபிங், மெழுகு. பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் ஜெல்கோட் கருகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். முத்து, சிப்பிக்குள் அடுக்கு அடுக்காகப் படிந்து பளபளக்கிறது. படகு தேய்க்கப்பட்டுப் பளபளக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்து எடுக்கும் பணம். போட ஆளில்லாத பேங்க் கணக்கு அது. திருவிழாவுக்குத் திருவிழா மினுக்கினால் ஒருநாள் மேட் எட்டிப் பார்க்கும். தேய்மானம் என்று கணக்குப் புத்தகத்தில் படிப்பது இங்கே கையில் தூசியாகவே வருகிறது. அதனால்தான் நல்ல வேலைக்காரர் ஒட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பழைய பரப்பைத் தொடாமல், மேட்டை மட்டும் முதலில் இறக்குவார்.

இன்னொரு செலவு, நாள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ரிப்பேர், பெயின்ட் எல்லாம் அந்தச் சமயத்தில் முடிந்துவிடும். கரையோரம் தொழில் செய்யும் பைபர் வள்ளத்துக்கு அந்தத் தடை இல்லை, அதனால் அந்த ஓய்வும் இல்லை. கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிற நாள்.

"அண்ணாச்சி, சும்மா மேல புட்டிய அப்பி பெயின்ட் அடிச்சு விடுங்க, விடியக்காலம் கடலுக்குப் போவணும்."

"அப்பிரலாம் தம்பி. அடுத்த மாசம் இதே கீறலோட வருவிய."

இருவர் சொல்வதும் நியாயம்தான். இவருக்கு அடுப்பு எரிய வேண்டும், அவருக்கு வேலை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத ஊர்களில் சனி மாலை தொடங்கினால் ஒரு சின்னக் கீறலுக்கு அந்த ஒரு நாள் போதும். பெரிய அடிக்கு அது போதாது.

பழைய வள்ளம் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மொத்தென்று ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். தெரியாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பேலன்ஸ் ஷீட்டிலும் தட்டிப் பார்க்கத்தானே வேண்டும்?

நல்ல ஜெல்கோட் வேலை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்த வேலை ஒழுங்காக நடந்த படகில்தான் நாலு பேர் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். கூலியைப் பேரம் பேசும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.