இலுப்பைப்பூ விழும் நேரம்

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் சாலையில், பாதி மலையில், சைக்கிளின் முன்சக்கரம் பிசுபிசுவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன். டயரின் கட்டங்களுக்குள் வெளிர்மஞ்சளாக எதுவோ நசுங்கி அப்பியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தால் வெல்லப்பானையைத் திறந்த வாசனை, அடியில் கொஞ்சம் புளிப்பு. தலைக்கு மேலே இலுப்பை மரம். இலையெல்லாம் உதிர்ந்து, செம்புநிறத் தளிர் எட்டிப்பார்க்கும் பங்குனி.

என்னுடையது கியர் இல்லாத பழைய வண்டி. முன்னே 48 பல், பின்னே 18. பெடல் ஒரு சுற்று வந்தால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் போகும். சமதரையில் அது சுகம்; ஜவ்வாது மலையில் பாதி தூரம் தள்ளித்தான் ஆகவேண்டும். அந்தத் தள்ளலை நான் விரும்பியே போகிறேன். சாமை அறுத்த காட்டில் மண் எப்படிக் காய்ந்திருக்கிறது, யார் வீட்டு வாசலில் புளி உலர்கிறது என்பதெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறவனுக்குத்தான் தெரியும்.

மரத்தடியில் ஒரு மூதாட்டி மூங்கில் கூடையோடு உட்கார்ந்து, சருகை விலக்கிப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூடை கால்வாசிகூட நிறையவில்லை.

"இவ்வளவுதானா ஆயா?"

"நான் வந்தது லேட்டு சாமி. இது ராவுல உழுவற பூ. கோழி கூவறதுக்குள்ள வந்தா கூடை ரொம்பும். வெயில் ஏறினா எறும்புக்குத்தான்."

"ராத்திரியில விழுந்தா சத்தம் கேக்குமா?"

"கேக்காம? தூத்தல் போட்ட மாதிரி கேக்கும்."

கை நிறைய அள்ளிக் கொடுத்தார். ஒன்றை வாயில் போட்டேன். கெட்டியான சதை, திராட்சைபோல் உடைந்து இனித்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதை, வேறு வழியில்லாதவன் சொல்லும் சமாதானம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். காய்ந்த இலுப்பைப்பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பழமொழி பூவைக் குறைத்துச் சொல்லவில்லை; நான்தான் குறைத்துக் கேட்டிருக்கிறேன்.

மேலே தள்ளிக்கொண்டு போகும்போது மனம் தொல்காப்பியத்துக்குப் போய்விட்டது. குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் கொடுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். வேனிலையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுத்துவிட்டார். அப்படியானால் பங்குனி வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, மலையில் சைக்கிள் தள்ளுகிற நான் எந்தத் திணையில் இருக்கிறேன்? மலை குறிஞ்சி, நேரம் பாலை. முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதை, தேர்வுக்குப் படித்தபோது வறட்சி பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். இந்த மலைமேட்டில் அது வேறு மாதிரி கேட்டது. அகநானூற்றில் இருப்பைப் பூவைத் தின்ன வரும் கரடிகள் பாலைப் பாட்டுகளில் வருகின்றன. இருப்பைதான் நம் இலுப்பை. பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் வழியில் அந்தப் பூ உதிர்ந்து கிடக்கிறது; வீட்டில் இருப்பவள் மனம் அந்த வழியெல்லாம் நடக்கிறது. ஐந்து திணைகளில் பாதைக்கென்று ஒரு திணை உண்டென்றால் அது பாலைதான். அதைப் பாழ்நிலம் என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம். பூ உதிர்கிற, கரடி வயிறு நிறைகிற நிலம் அது.

ஆனாலும் இந்தப் பூ விழுவது இரவில். வௌவால்கள் மொய்த்துப்போன பிறகு, விடியலுக்குள் கொட்டிவிடும். பகலில் பாலையாகத் தெரிகிற மரம் இரவில் குறிஞ்சிக்குத் திரும்பிவிடுகிறதோ?

காவலூரில் யாமத்தையே வேலைநேரமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வானியலாளர் வைணு பாப்பு இந்தக் காட்டு நடுவில் வானாய்வகத்தை அமைத்தார். 1977 மார்ச் 10 இரவு, மாசிக் கடைசி, ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போவதைப் பார்க்க இங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்த இரவு அது. வேறு இடங்களிலும் பார்த்தார்கள். ஆனால் இந்த மலையிலும் ஒருவர் அந்த மங்கலைப் பார்த்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். அன்றும் சுற்றுக்காட்டில் இலுப்பை மொட்டுக் கட்டியிருக்கும்.

பக்கத்துச் சிற்றூரில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. யாமம் முடிந்து வைகறை தொடங்கும் வேளை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடி இலுப்பைக்குப் போனேன். டைனமோ விளக்கு சாலையில் மஞ்சளாக நடுங்கியபடி முன்னே போயிற்று. மரத்தடியில் நிறுத்தியதும் சக்கரம் நின்றது, விளக்கும் அணைந்தது. கிளைகளுக்கு இடையில் அவ்வளவு நட்சத்திரம். மேலே ஒரு இறக்கை அடித்துக்கொண்டு விலகியது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சருகில் ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மட்கார்டின் தகரத்தில், டக்கென்று.