குளிர்கால நடையும் ஒரு காமிராவும்

இங்கிலாந்தின் குளிர்காலத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் அந்த நாட்டிலேயே மிகச் சிலர்தான். ஆனால், காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்வெளியில் நடக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். டிசம்பரும் ஜனவரியுமே வருஷத்தில் சிறந்த மாதங்கள் என்று சாதிப்பார். சென்ற ஒரு டிசம்பர் முதல் நாமும் அவருடைய கட்சிதான்.

இதற்குக் காரணம் சூரியன். டிசம்பர் மாதத்து நடுப்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறான். இங்கிலாந்தின் தென்கரையிலோ சுமார் 16 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. நம் ஊரில் காலை எட்டு மணிக்குள் வந்து மறைந்துவிடும் அந்தச் சாய்ந்த வெயில், அங்கே பகல் முழுவதும் நீடிக்கிறது. உழுத சாலின் ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு நிழல் விழுகிறது. கோடையில் பச்சைப் போர்வைக்குள் ஒளிந்து கிடந்த மேடு பள்ளங்கள் எல்லாம் வெளியே வந்து நிற்கின்றன. இலை உதிர்த்த மரங்களோ தங்கள் எலும்புக்கூட்டையே காட்டுகின்றன.

ஸஸெக்ஸ் மாகாணத்தில் கக்மியர் என்ற சிறு நதி உண்டு. ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்திலிருந்து அதன் கரையோடு நாம் கடலை நோக்கி நடந்தோம். புல்மேல் உறைபனி நொறுங்கியது. நதி முகத்துவாரத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால், 'ஏழு சகோதரிகள்' என்னும் சுண்ணாம்புக் குன்றுகள் கடலோரமாய் வரிசையாக நிற்கின்றன. கோடையில் சூரியன் நிலத்துக்குப் பின்னால், வடமேற்கில் மறைகிறான். குளிர்காலத்திலோ தென்மேற்கே கடற்பக்கம் இறங்குவதால், அந்த வெண்சுவர்களின் மேல் அந்தி ஒளி நேரே விழுகிறது. மூன்றரை மணிக்கு அவை மஞ்சள் பூசிக்கொண்டன. நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அரை மணிக்காகவே நாள் முழுவதும் நடக்கலாம்.

படம் பிடிப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வெண்பனியைக் கண்டால் காமிராவின் ஒளிமானி ஏமாந்து, அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே ஒளியைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பாட்டரியை உள்சட்டைப் பையில் வைப்பது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, குன்றின் விளிம்பை நெருங்கவே கூடாது. சுண்ணாம்புப் பாறையை அலை அடியில் அரித்துவிடுகிறது. மேலே நிற்பவருக்கு அது தெரிவதில்லை. அருகிலுள்ள பர்லிங் காப் என்னுமிடத்தில், விளிம்பு நெருங்கி வந்ததால் வீடுகளையே ஒவ்வொன்றாக இடித்திருக்கிறார்கள்.

அன்றைய நடையில் காட்சிக்கு இணையாக நம் மனத்தைக் கவர்ந்தது, வேலியோரம் நின்ற ஒரு கைகாட்டி மரம். 'பொதுமக்கள் நடைபாதை' என்று அதில் எழுதியிருந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தம். ஆனால் அதனூடே செல்லும் பாதை எல்லோருக்கும் உரியது. அதை அடைக்க நிலச்சொந்தக்காரருக்கு அதிகாரம் இல்லை.

ஆயினும் எல்லா இடத்திலும் இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மலை, பிரபுக்களின் பறவை வேட்டைக்காக அடைபட்டுக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24-ந் தேதி, சுமார் 400 பேர் தடையை மீறி அதன்மேல் நடந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மாஞ்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளிகள். காவற்காரர்களோடு கைகலப்பு நேர்ந்தது. கலகக் குற்றம் சாட்டி, ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைவாசம் விதித்தார்கள். உப்புக்காகத் தண்டிக் கடற்கரைக்கு நடந்த நம்மவர்களைச் சிறைக்கு அனுப்பி இரண்டே வருஷம் ஆகியிருந்தது! நம்மை ஆண்ட தேசத்தின் ஏழை மக்களும், தங்கள் சொந்த மண்ணில் நடப்பதற்குச் சிறை செல்ல வேண்டியிருந்தது என்பதை நமது சரித்திரப் பாடம் சொல்வதில்லை.

பிறகு 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-ம் ஆண்டுச் சட்டம் மலைவெளிகளையும் புல்மேடுகளையும் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. இடையில் காமிராவும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்துகொண்டது. ஃபே காட்வின் என்ற பெண்மணி, வேலிகளையும் தடைப் பலகைகளையும் படம் பிடித்து, 1990-ல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இங்கிலாந்து செல்லும் நேயர்கள், குளிருக்கு அஞ்சி அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். நல்ல பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு நாளாவது அந்தப் பாதைகளில் நடந்து பாருங்கள். குன்றுகளைப் படம் எடுத்தபின், அந்தக் கைகாட்டி மரத்தையும் ஒரு படம் எடுத்து வாருங்கள்.